நாற்பத்தாறு கிலோ

கென்யாவில் காப்பி எப்படி வளர்க்கிறார்கள் என்று
பார்த்துவர அனுப்பிய பன்னிரண்டு பேரில்
நானும் ஒருவன்.
ஒன்பது நாள். கவாத்து, நாற்றங்கால்,
பழம் கழுவும் தொட்டியின் நீள அகலம்
எல்லாம் நோட்டில் இருக்கிறது.
மார்ச் இரண்டாம் சனிக்கிழமை
தாண்டிக்குடி சங்கக் கட்டடத்தில்
நோட்டைப் பிரித்து நிமிர்ந்தால்
முதல் வரிசையிலிருந்து தர்மலிங்கம் கேட்கிறார்:
"நெருப்புக்கோழி நெருப்பைத் தின்னுதாப்பா?"

தின்னவில்லை.
நாகரத்தினத்தின் சட்டைப் பொத்தானைத் தின்றது.
மேலிருந்து இரண்டாவது.

அது கடைசி நாள். விமானம் ராத்திரிக்கு.
பொழுதைத் தள்ள
வண்டிக்காரர் இறக்கிவிட்ட பண்ணை.
சிவந்த மண், கம்பிவேலி,
வேலிக்கு மேலே வெறும் தலைகள்.
கழுத்து செய்ய உட்கார்ந்தவன்
நிறுத்த மறந்திருக்கிறான்.
அதற்கு மூளையைவிடக் கண் பெரிதாம்.
இதைச் சொன்னதும் பின்வரிசையில் யாரோ,
"நம்ம செயலாளருக்கு நேர்மாறு,
ரெண்டுமே சின்னது."
செயலாளர் தண்ணீர் குடிக்கிறார்.

சுற்றிக்காட்டிய பெண்ணின் பெயர் வாஞ்சிரு.
வஞ்சிரம் என்று வைத்துக்கொண்டோம்.
மணலில் ஒரு முட்டையை வைத்தாள்.
ஓர் ஆள் ஏறி நிற்கலாம், உடையாது என்றாள்.
பதினொரு தொந்தியையும் வரிசையாகப் பார்த்துவிட்டு
அவள் விரல் என்னிடம் வந்து நின்றது.

ஊரில் எனக்கு அரைப்படி என்று பெயர்.
நாற்பத்தாறு கிலோ,
மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் சேர்த்து.
வேலை ஓய்ந்த மத்தியானங்களில்
காப்பித் தராசில் என்னை ஏற்றி நிறுத்தி
"மூட்டைக்கு நாலு குறையுது,
பையில கொஞ்சம் கொட்டை போடுங்கப்பா" என்பார்கள்.
நானும்தான் சிரிப்பேன்.
முப்பது வருஷமாய்ச் சிரித்துப் பழகிய வாய்.

செருப்பைக் கழற்றினேன்.
முட்டை ஜில்லென்றிருக்கும் என்று நினைத்தது தப்பு,
வெயிலில் கிடந்த பாத்திரம்போல் சுட்டது.
என் இரண்டு கையையும் பிடித்திருந்தவள்
சொல்லாமல் விட்டுவிட்டாள்.
நின்றேன்.

ஒரு சாண் உயரம்கூட இருக்காது.
நாகரத்தினத்துக்கு உச்சியில் வழுக்கை விழுந்திருப்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
வேலிக்கு அப்பாலிருந்து ஒன்று
தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால்
என்னையே பார்த்தது.
அதன் முட்டையா என்று எனக்குத் தெரியாது.
அதற்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

படம் எடுத்தவர் வேலாயுதம்.
படத்தில் முட்டை இருக்கிறது,
முட்டைமேல் இரண்டு கால் இருக்கிறது,
கணுக்காலுக்கு மேலே கென்யா முடிந்துவிடுகிறது.
அந்தப் போன் இப்போது வரிசை வரிசையாகப் போகிறது.
"இது யார் காலோ?"
"நெட்டுல எடுத்ததுப்பா."
வேலாயுதம் இன்றைக்கு வரவில்லை, பேத்திக்குக் காதுகுத்து.
நாகரத்தினம் உதட்டைக் கடித்துக்கொண்டு
கூரையைப் பார்க்கிறார்.

பாண்டீஸ்வரி மட்டும் அந்தப் படத்தைப்
பாத்திரம் துலக்கிய கையோடு எட்டிப் பார்த்து
"சுண்டுவிரல் நகத்தக் காணோமே, உங்க காலுதான்.
வெயில்ல செருப்பில்லாம எதுக்கு நின்னீங்க?" என்றாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.

சாட்சிக்கென்று எடுத்துவந்திருந்தேன் இதை,
துளைபோட்டு உள்ளே இருந்ததை வடித்த வெறும் ஓடு.
வத்தலக்குண்டில் பஸ் ஏறியதிலிருந்து
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
அது ஒரு பக்கம் சாய, நான் ஒரு பக்கம் சாய,
மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது.
துண்டைப் பிரித்து மேசைமேல் வைக்கிறேன்.
"இதுல ஏறி நின்னது..." என்று தொடங்குகிறேன்.

தகரத்தில் ஒரு சொட்டு.
அப்புறம் ஒன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.
ஜனவரியிலிருந்து எல்லோரும்
வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த மழை,
காப்பி பூக்க வேண்டிய மழை.
நாற்காலிகள் ஒரே சத்தமாய் நகர,
செயலாளர் உட்பட
எல்லோரும் வாசலில் போய் நின்று
கையை நீட்டி நனைக்கிறார்கள்.
எனக்கும் நாலு ஏக்கர் இருக்கிறது.
நானும்தான் போகணும்.

போகுமுன்
ஓட்டைத் தரையில் இறக்கி
துண்டைச் சுருட்டி அண்டைக் கொடுத்தேன்.
உள்ளே ஒன்றுமில்லாவிட்டால் தாங்குமா என்று
அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

செருப்பைக் கழற்றி
ஒரு காலை மட்டும்
வைத்துப் பார்க்கிறேன்.